முகஜாடையா, மைக்ரோஅரேயா, எக்ஸோமா? குழந்தைக்கு எதை முதலில் பார்ப்பது

"பாப்பா முகம் கொஞ்சம் வித்தியாசமா தெரியுது, ஒரு ஜெனெடிக் டெஸ்ட் எடுத்துடலாம்" என்று குழந்தை மருத்துவர் சொல்லிவிடுகிறார். லேபில் விசாரித்தால் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு பெயர், ஒரு விலை. இதற்கு நடுவில் யாரோ சொல்கிறார்கள்: போனில் ஒரு போட்டோ எடுத்தால் போதுமாம், குழந்தைக்கு என்ன சிண்ட்ரோம் என்று ஒரு ஆப் சொல்லிவிடுமாம், காசே இல்லையாம். ரத்தம் எடுக்கும் முன்னால் அதைப் பார்த்துவிடலாமா என்று கேட்டு எழுதுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

எனக்கு இந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே வந்தது. என் தங்கை மகள் இரண்டு வயதாகியும் சரியாக நடக்கவில்லை. மிக்சி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கண்ணைச் சுற்றி லேசான உப்பல், சின்ன மூக்கு, அகலமான வாய். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அப்பன் ஜாடை. உரிச்சு வச்சிருக்கு." முதலில் எடுத்த டெஸ்டிலும் "எல்லாம் நார்மல்" என்று வந்தது. ஏழெட்டு மாதம் அந்தத் தாளை நம்பிக்கொண்டிருந்தோம். அந்த டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது, அவ்வளவுதான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். இதில் விலை கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் பார்க்க வேண்டியது, ஒரு சோதனை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பது. "இதுவாக இருக்கலாம்" என்பது வேறு, "இதுதான்" என்பது வேறு. அடுத்தது, ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம். என் அனுபவத்தில் பெற்றோர் ஏமாறும் இடம் இதுதான். மூன்றாவது, நம் ஊர்க் குழந்தைகளின் முகத்துக்கு அது பழகியிருக்கிறதா. நான்காவது, பெயர் தெரிந்துவிட்டால் அதை வைத்துச் செய்ய ஏதாவது இருக்கிறதா. அதற்குப் பிறகு பணம், காத்திருக்கும் நாள், போட்டோவும் ரத்தமும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது.

## வழி 1: பழகிய மருத்துவரின் கண்

முகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது ஆப் வந்த பிறகு தொடங்கியதில்லை. 1866-இல் இங்கிலாந்தில் ஜான் லாங்டன் டவுன் என்ற மருத்துவர், தன் பொறுப்பில் இருந்த பிள்ளைகளில் சிலரைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர்கள் இல்லை என்று நம்புவதே கடினம் என்று எழுதினார். நம் பாஷையில் சொன்னால், வேறு வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஜாடை. இன்று டவுன் சிண்ட்ரோம் என்கிறோமே, அது அவர் பெயர்தான். அந்த ஜாடைக்குக் காரணம் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது என்று தெரிய 1959 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மரபியல் மருத்துவர் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. உள்ளங்கை ரேகை, விரல் நுனி, தலைச் சுற்றளவு, நெஞ்சில் முணுமுணுப்பு, பாட்டி பக்கம் யாருக்காவது இதுபோல் இருந்ததா, அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இன்னும் நடக்கிற நம் பக்கத்தில் அந்தக் கடைசிக் கேள்விக்கு எடை அதிகம். எதை யோசிக்கிறார் என்பதையே அது மாற்றிவிடும்.

குறை என்ன? ஆள் இல்லை. பெரிய நகரங்களைத் தாண்டினால் மரபியல் மருத்துவரைப் பார்ப்பதே பெரும்பாடு. அப்பாயின்ட்மென்ட், ஒரு நாள் வேலை போவது, பஸ் செலவு என்று கூட்டினால் கன்சல்டேஷன் ஃபீஸ் அதில் சின்னத் தொகை. அப்புறம், ஒரு மருத்துவர் எவ்வளவுதான் பழகியிருந்தாலும், ஆயிரக்கணக்கில் இருக்கும் அரிய நோய்களில் பலவற்றை வாழ்நாளில் ஒரு முறைகூட நேரில் பார்த்திருக்க மாட்டார். ஆப் நுழைகிற இடைவெளி இதுதான்.

## வழி 2: முகம் பார்க்கும் ஆப்

இதில் அதிகம் தெரிந்த பெயர் ஃபேஸ்2ஜீன். எஃப்டிஎன்ஏ என்ற நிறுவனத்துடையது. மருத்துவர்களுக்காகச் செய்தது, அவர்களுக்கு இலவசம். இதற்கு உள்ளே ஓடும் டீப்கெஸ்டால்ட் என்ற மென்பொருளைப் பற்றிய ஆய்வு 2019-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. குழந்தையின் நேர்முகப் படத்தை எடுத்து, அதில் முகத்தை வெட்டி, சிறிய கறுப்பு வெள்ளைப் படமாகச் சுருக்கி, கண், மூக்கு, வாய் என்று பகுதி பகுதியாகப் பார்க்கிறது. நோயாளிகளின் பதினேழாயிரத்துக்கும் அதிகமான படங்களை வைத்து, இருநூறுக்கும் மேற்பட்ட சிண்ட்ரோம்களைப் பழகியிருக்கிறது. அதற்கு முன்னால் முகம் என்றால் என்ன என்று அது கற்றுக்கொண்டது சினிமாக்காரர்களின் படங்களிலிருந்து. இணையத்தில் சேகரித்த நடிகர் நடிகைகளின் லட்சக்கணக்கான படங்கள்தான் அதன் அரிச்சுவடி.

செய்தியில் எல்லோரும் எடுத்துக் காட்டிய எண் 91 சதவீதம். 502 படங்களைக் கொடுத்தபோது, சரியான சிண்ட்ரோம் முதல் பத்துப் பெயர்களுக்குள் வந்த விகிதம் அது. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதல் பத்துக்குள் ஒன்று என்பதுதான் கணக்கு, முதல் பெயரே சரி என்று அல்ல. இரண்டாவது, கொடுக்கப்பட்ட படங்கள் எல்லாமே ஏதோ ஒரு சிண்ட்ரோம் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்தவர்களுடையவை. கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் அப்படியில்லை.

ஒரு மனக்கணக்கு போடுவோம். ஏழாம் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு இல்லாததால் வரும் வில்லியம்ஸ் சிண்ட்ரோம் சுமார் 7,500 முதல் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். நோய் இல்லாத நூறு பேரில் ஐந்து பேரை மட்டும் தவறாகச் சந்தேகப்படும் ஒரு கருவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் குழந்தைகளை அதன் முன்னால் நிறுத்தினால், உண்மையில் நோய் உள்ள ஒரு குழந்தையைக் காட்டும், கூடவே சுமார் ஐந்நூறு வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கும். அங்கன்வாடி அங்கன்வாடியாகப் போய் எல்லாக் குழந்தைகளையும் போட்டோ எடுக்கலாமே என்கிறவர்களிடம் நான் சொல்வது இந்தக் கணக்கைத்தான். வளர்ச்சி தாமதம், இதயக் கோளாறு என்று ஏற்கெனவே ஒரு காரணம் இருந்து பார்க்கிற குழந்தைகளிடம் இதே கருவிக்கு மரியாதை கூடும்.

அடுத்து, நம் முகம். டவுன் தன் காலத்தில் அந்த ஜாடையை மங்கோலியர் ஜாடை என்று எழுதிவைத்தார். முகத்தையும் இனத்தையும் போட்டுக் குழப்பிய அந்தப் பெயரை விரட்ட நூறு வருஷம் பிடித்தது. 1965-இல் மங்கோலிய நாடே உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. மென்பொருளுக்கும் அந்தக் குழப்பம் வேறு உருவத்தில் வருகிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், பெல்ஜியக் குழந்தைகளில் டவுன் சிண்ட்ரோமை 80 சதவீதம் சரியாகக் காட்டிய ஃபேஸ்2ஜீன், காங்கோ குழந்தைகளில் 36.8 சதவீதம்தான் காட்டியது. எந்த மருத்துவச்சியும் பார்த்தவுடன் சொல்லக்கூடிய நோயிலேயே இந்த நிலை. காங்கோ குழந்தைகளின் படங்களையும் கொடுத்துப் பழக்கியதும் அது 94.7-க்கு ஏறியது. வாஷிங்டனில் உள்ள சில்ட்ரன்ஸ் நேஷனல் மருத்துவமனை 28 நாடுகளின் குழந்தைகளை வைத்துச் செய்து 2021-இல் வெளியிட்ட ஆய்விலும், வெள்ளையரிடமும் ஹிஸ்பானியரிடமும் வந்த துல்லியம் ஆப்பிரிக்க, ஆசியக் குழந்தைகளிடம் குறைவாகவே இருந்தது. நம் பிள்ளைகளின் படம் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு நமக்கு உதவும். ஆனால் சேர்ப்பதற்கு யாராவது தன் குழந்தையின் படத்தைக் கொடுக்க வேண்டுமே.

மறைமுகச் செலவு அங்கேதான் இருக்கிறது. பாஸ்வேர்டு வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை மாற்ற முடியாது. இரண்டு வயதில் நாம் கொடுத்த சம்மதத்தோடு, நோயின் பெயர் ஒட்டிய அந்த முகம் வளர்ந்த பிறகும் ஏதோ ஒரு சர்வரில் கிடக்கும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அதனால், படம் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது: இது எங்கே சேமிக்கப்படும், ஆராய்ச்சிக்கும் போகுமா, வேண்டாம் என்றால் அழிக்கலாமா?

இன்னொரு செலவு, பட்டியலே தான். இந்த ஆப் முப்பது பெயர்கள் வரை வரிசையாகக் காட்டும். அதை ஒரு தாய் எட்டிப் பார்த்துவிட்டால் அன்றிரவு முப்பதையும் கூகுளில் தேடுவாள். என் தங்கை தேடினாள்.

கடைசியாக, முகத்தில் எதுவுமே தெரியாத மரபணு நோய்கள் ஏராளம். எஸ்எம்ஏ என்கிற தசைச் சிதைவு நோயோடு பிறந்த குழந்தையின் முகம் அழகாக, சாதாரணமாக இருக்கும். உடைபடாத சர்க்கரைப் பொருட்கள் உடலில் சேர்ந்துகொண்டே போகும் ஹர்லர் போன்ற எம்பிஎஸ் நோய்களில் பிறக்கும்போது முகம் இயல்பாக இருந்து, மாதங்கள் போகப் போகத்தான் மாறும். வேறொருவரின் ஸ்டெம் செல்களைச் செலுத்தும் சிகிச்சைக்கு ஏற்ற காலமோ சின்ன வயதுதான். ஆப் எதுவும் சொல்லவில்லை என்பதை வைத்து இங்கே காத்திருந்தால் இழப்பு பெரியது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துவிடுகிறேன். மருத்துவர் ஆப் கிடைக்கவில்லை என்று, எதற்கும் பதில் சொல்லும் பொது ஏஐ செயலிகளில் குழந்தையின் படத்தை ஏற்றிக் கேட்கிறார்கள். அவை இந்த வேலைக்கென்று பழக்கப்பட்டவை அல்ல. செய்யாதீர்கள்.

## வழி 3: கேரியோடைப்

குரோமோசோம்களை எண்ணி, வரிசையாக அடுக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. சில ஆயிரத்தில் முடிந்துவிடும். டவுன் சந்தேகம் என்றால் இதுதான் சரியான டெஸ்ட். அதிலும் டிரான்ஸ்லொகேஷன் வகையா (21-ஆம் குரோமோசோமின் துண்டு வேறொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டதா) என்று இதில்தான் தெரியும், அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு எவ்வளவு என்பது அதைப் பொறுத்தது. டவுன் ஜாடை தெளிவாகத் தெரியும்போது எக்ஸோமுக்குப் பணம் கட்டச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

ஆனால் சின்னத் துண்டு காணாமல் போனதை இது பார்க்காது. காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்தில், டவுன் போன்றவற்றை விட்டுவிட்டால், இதில் விடை கிடைப்பது நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான். எங்கள் வீட்டில் "எல்லாம் நார்மல்" என்று சொன்ன தாள் இதுதான்.

## வழி 4: மைக்ரோஅரே

கேரியோடைப் ஊரை மலை மேலிருந்து பார்க்கிறது என்றால், இது தெருவில் இறங்கி நடக்கிறது. வில்லியம்ஸ், 22கியூ11.2 நீக்கம் (22-ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு இல்லாதது) போன்ற நோய்களில் விடுபட்டுப்போகும் துண்டுகளை இது பிடிக்கும். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளில் 15 முதல் 20 சதவீதம் பேருக்கு விடை தருகிறது. செலவு பத்தாயிரங்களில் போகும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில வகை மைக்ரோஅரேயில், அப்பா அம்மாவுக்கு இடையே உள்ள ரத்த உறவும் தெரிந்துவிடும். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அது செய்தி இல்லை. மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மரபணுவை எழுத்துகளாக நினைத்தால், அதில் வரும் ஒற்றை எழுத்துப் பிழையை இது பார்க்காது. நூனன் சிண்ட்ரோம் போன்றவை இதன் கண்ணில் படாது.

## வழி 5: எக்ஸோம்

புரதம் செய்யச் சொல்லும் மரபணுப் பகுதிகள் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகப் படிப்பது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடக்குறைய விடை கிடைக்கிறது. அமெரிக்க மரபியல் மருத்துவர்களின் அமைப்பான ஏசிஎம்ஜி, 2021-இல் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு எக்ஸோம் அல்லது முழு ஜீனோமை முதல் அல்லது இரண்டாம் கட்டத்திலேயே எடுக்கலாம் என்றது. சொந்தத் திருமணத்தில் வரும் ரிசெசிவ் நோய்களுக்கு (அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால் மட்டும் வருபவை) இதுதான் பலமான வழி.

பிரச்சினை ரிப்போர்ட்டில் வரும் மூன்று எழுத்துகளில் இருக்கிறது: வியூஎஸ். பிழை ஒன்று தெரிகிறது, அது நோய் தருமா என்று சொல்ல இப்போது ஆதாரம் போதாது என்று பொருள். இவ்வளவு செலவழித்து, கடைசியில் "தெரியாது" என்பதை வாங்கிக்கொண்டு வருவது எளிதல்ல. அதோடு, தேடாத ஒன்று கண்ணில் படலாம். அப்பா அம்மா ரத்தமும் சேர்த்து எடுக்கிற டிரையோ எக்ஸோமில் குடும்ப ரகசியங்களும் வெளிப்படலாம். கவுன்சலிங் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாம் படித்தும் தவறவிடுபவை உண்டு. பிராடர்-வில்லி, ஏஞ்சல்மன் இரண்டையும் முதலில் மெத்திலேஷன் டெஸ்டில்தான் (மரபணு இயங்குகிறதா, அணைந்திருக்கிறதா என்று காட்டும் ரசாயன அடையாளங்களைப் பார்ப்பது) தேட வேண்டும். ஃபிரஜைல் எக்ஸுக்கும் தனி டெஸ்ட். எக்ஸோம் நார்மல் என்பதால் இவை இல்லை என்று ஆகாது.

## ஒரு பார்வையில்

| வழி | என்ன சொல்லும் | எதைத் தவறவிடும் | செலவு |
|---|---|---|---|
| மருத்துவரின் கண் | எந்தப் பக்கம் தேடுவது | அவர் பார்த்திராத அரிய நோய் | ஃபீஸ், பயணம் |
| முக ஆப் | சந்தேகப் பட்டியல் | முகத்தில் தெரியாத நோய்கள், பழகாத முகங்கள் | பணமாக இல்லை. படம் போகும் |
| கேரியோடைப் | முழுக் குரோமோசோம் கூடுதல் குறைவு, இடமாற்றம் | சின்னத் துண்டு, எழுத்துப் பிழை | சில ஆயிரம் |
| மைக்ரோஅரே | காணாமல் போன, இரட்டித்த சின்னத் துண்டுகள் | எழுத்துப் பிழை | பத்தாயிரங்கள் |
| எக்ஸோம் | எழுத்துப் பிழைகள் | மெத்திலேஷன், ஃபிரஜைல் எக்ஸ் | பத்தாயிரங்கள், வியூஎஸ் கவலை |

## அப்படியானால் யாருக்கு எது

அட்டவணையைப் பார்த்தாலே தெரியும், ஆப்பும் எக்ஸோமும் போட்டியாளர்கள் இல்லை. ஆப்பின் போட்டியாளர் மருத்துவரின் கண்தான். மரபியல் மருத்துவரை எட்ட முடிகிறவர்களுக்கு ஆப் பெரிதாக எதையும் கூட்டித் தராது. நேராக அவரிடம் போங்கள்.

எட்ட முடியாத ஊரில், உங்கள் குழந்தை மருத்துவர் தானே அந்த ஆப்பைப் பார்த்துவிட்டு "இதற்கு மைக்ரோஅரே போதும்" என்றோ "மெத்திலேஷன் முதலில்" என்றோ சொன்னால், அது பணத்தையும் மாதங்களையும் மிச்சப்படுத்தும் நல்ல பயன்பாடு. எங்களுக்கு நடந்தது அதுதான். ஓர் இளம் மருத்துவர் போனை நீட்டியதும் கார்ட்டூன் வரப்போகிறது என்று பாப்பா சிரித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். மூன்றாவது படத்தில்தான் முகம் நேராகக் கிடைத்தது. பட்டியலில் முதலில் வந்தது நூனன், வில்லியம்ஸ் மூன்றாவதாக இருந்தது. மருத்துவர் அதை நம்பி எதையும் அறிவிக்கவில்லை. ஸ்டெத்தை வைத்தார், மிக்சிச் சத்தம் பற்றிக் கேட்டார், எக்கோ எழுதினார், பிறகு மைக்ரோஅரே. ஏழாம் குரோமோசோமில் துண்டு ஒன்று இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. வில்லியம்ஸில் பெருந்தமனி குறுகலாகலாம், ரத்தத்தில் கால்சியம் ஏறலாம் என்பதால் இப்போது வருஷா வருஷம் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது. கால்சியம், வைட்டமின் டி டானிக் யாராவது எழுதினால் தங்கை உடனே மறுக்கிறாள்.

எக்ஸோமில் வியூஎஸ் வந்து நிற்பவர்களுக்கும் முகம் உதவும். அப்போது வரிசை தலைகீழ்: அந்தப் பிழையால் வரும் நோயின் ஜாடை இந்தக் குழந்தைக்கு இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பது. ஜெர்மனியின் பான் நகரக் குழு செய்த பீடியா, கெஸ்டால்ட்மேட்சர் ஆய்வுகள் இந்த வழியில் போகின்றன. மரபணுவையும் முகத்தையும் சேர்த்து எடைபோட்டால் விடை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

குழந்தை தளர்ந்துபோய் இருக்கிறது, வலிப்பு வருகிறது, கற்றதை மறக்கிறது என்றால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. வளர்சிதை மாற்றச் சோதனைகளும் எக்ஸோமும் அவசரமாக வேண்டும்.

கையில் பணமில்லை என்றால் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் தொடங்குங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே என்ற அரசின் குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தின் குழுவே அங்கே அனுப்பிவைக்கும். சிகிச்சை உள்ள சில அரிய நோய்களுக்கு மத்திய அரசின் 2021 கொள்கைப்படி 50 லட்ச ரூபாய் வரை உதவி உண்டு. அதற்கான உயர்நிலை மையங்களில் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ஒன்று. அங்கே போனால் கேட்பது மரபணு ரிப்போர்ட்டை. ஆப் பட்டியலை வைத்துக்கொண்டு எதுவும் நகராது.

எந்த வழியில் போனாலும் ஆல்பத்தை எடுத்துச் செல்லுங்கள். குழந்தை பிறந்த நாள், ஆறாம் மாதம், முதல் பிறந்தநாள் என்று வரிசையாகப் படங்கள், கூடவே அப்பா அம்மாவின் சின்ன வயசுப் படங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு நாங்கள் பார்த்த மரபியல் மருத்துவர், என் மச்சான் நிக்கரோடு ஸ்கூல் வாசலில் நிற்கும் பழைய படத்தை வாங்கி, பாப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நெத்தி மட்டும் அப்பாவோடது" என்றார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் திருப்தி.